முள்ளின் மேல் விழுந்த பழி

குதிகால் வலியோடு ஈப்போவில் நடமாடுகிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எலும்புல முள்ளு வளர்ந்திருக்காம்." சொல்லும்போதே கைப்பேசியைத் திறந்து எக்ஸ்ரே படத்தையும் காட்டிவிடுவார்கள். படத்தில் முள் இருக்கத்தான் செய்யும். குதிகால் எலும்பின் அடியில், விரல்களைப் பார்த்தபடி, கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் முள் சதையைக் குத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த அத்தியாயத்தில் அந்த முள்ளுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஐந்தே ஆண்டில், 1900-இல், பிளெட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் குதிகால் முள்ளைப் பற்றி எழுதிவிட்டார். முள்ளுக்குக் காரணம் தேடியவர்களின் கற்பனை அதன்பின் எங்கெங்கோ போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மேகவெட்டை என்னும் பால்வினை நோயின் விளைவு என்று நம்பிய மருத்துவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் குதிகால் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன கண்ணியவான்களின் வீட்டில் என்னென்ன சண்டை நடந்ததோ! பிறகு பல பத்தாண்டுகள் அறுவை மருத்துவர்கள் முள்ளைச் செதுக்கி எடுத்துப் பார்த்தார்கள்.

கணக்கு எங்கே உதைத்தது என்றால், வலியே இல்லாதவர்களின் காலையும் படம்பிடித்துப் பார்த்தபோதுதான். அவர்களில் பலருக்கும் முள் இருந்தது. வயது ஏற ஏற இன்னும் அதிகமாக இருந்தது. வலியால் துடிக்கிற பலருக்கோ முள்ளே இல்லை. அறுவையின்போது நேரில் பார்த்ததிலும் ஒரு விஷயம் தெரிந்தது. பல கால்களில் அந்த முள், உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டைக்குள் இல்லாமல் அதற்கு மேலே, விரல்களை மடக்கும் சிறு தசை தொடங்கும் இடத்தில் இருந்தது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், பட்டையைக் காட்டாது. படத்தில் தெரிந்த ஒரே ஆள் முள் என்பதால் பழியும் அதன் தலையில் விழுந்தது.

அப்படியானால் வலிப்பது எது? செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வலக்காலைத் தூக்கி இடத்தொடை மேல் போட்டு, பெருவிரலை முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு வளையுங்கள். உள்ளங்காலின் உட்புற வளைவில் ஒரு தடித்த நார் விறைத்துக்கொண்டு எழும்பும். கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே குதிகாலுக்கு வாருங்கள். குதிகாலின் அடியில், நடுவிலிருந்து சற்று உட்புறமாக, நார் எலும்பில் போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அழுத்தினால் 'ஐயோ' என்று காலை இழுத்துக்கொள்கிறவருக்கு நோயின் பெயரை அநேகமாக அப்போதே சொல்லிவிடலாம். பிளாண்டார் ஃபேசியா என்னும் உள்ளங்கால் பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது.

அந்தப் பட்டையின் வேலையை 1954-இல் ஹிக்ஸ் என்ற உடற்கூற்று ஆய்வாளர் விளக்கினார். கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருகிறது அல்லவா? நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் விரல்கள் மேல்நோக்கி வளைகின்றன. பட்டை விரல்களின் அடி மூட்டுகளைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்க, பாதத்தின் வளைவு உயர்ந்து இறுகுகிறது. அந்த இறுக்கம் இருப்பதால்தான் தொளதொளவென்று 26 எலும்புகளால் ஆன பாதம், உடலை முன்னே தள்ளும் உறுதியான நெம்புகோலாகிறது. இது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் முழு இழுவையும் போய் முடியும் இடம், நீங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த அந்தச் சிறு இடம்தான்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஏன் உயிர் போகிறது என்பதும் இதிலிருந்து புரியும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது. பட்டையும் கெண்டைத்தசையும் இரவு முழுவதும் சுருங்கியபடியே கிடக்கின்றன. எழுந்து நிற்கிற நொடியில் முழு உடல் எடையும் ஏறி அவற்றைச் சட்டென்று இழுக்கிறது. பத்து இருபது அடி நடந்தால் திசு இளகி வலி குறைகிறது. மாலையில் நெடுநேரம் நின்ற பிறகு திரும்பி வருகிறது. இந்த மூன்றும் ஒருவருக்கு இருந்தால், எந்த எக்ஸ்ரேயும் சொல்வதைவிட அந்த முதல் அடி அதிகம் சொல்லிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இதை அழற்சி என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2003-இல் அமெரிக்காவில் லெமான்ட் குழுவினர், அறுவை செய்துகொண்ட 50 பேரின் பட்டைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சி அணுக்களைக் காணோம். நார் இழைகள் சிதைந்து ஒழுங்கு கெட்டுக் கிடந்தன. தேய்மானம் பழுதுபார்ப்பை முந்திக்கொண்ட திசு அது. வீக்க மாத்திரைகள் மாதக்கணக்கில் விழுங்கியும் பலருக்கு ஏன் பயனில்லை என்பது இதனால் விளங்குகிறது. சிகிச்சையின் திசையும் இங்கே மாறுகிறது. அணைக்க வேண்டிய நெருப்பு ஏதும் இல்லாதபோது, நாரை மறுபடி வலுவாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் குதிகால் வலிக்கு ஒரு பின்னணி உண்டு. 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்றென்று சொல்லப்படும் மரத்தை இன்றும் அங்குள்ள மாவட்ட அலுவலகத்தருகே பார்க்கலாம். அடுத்த தலைமுறைக்குள் சுங்கை சிப்புட், பத்து காஜா, தைப்பிங் வட்டாரமெங்கும் பால்மரம் நிரைநிரையாக எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்த நிரைகளுக்குள் நடக்கத் தொடங்கினார்கள். உலகத்தின் டயருக்கும் காலணிக்கும் ரப்பர் கொடுத்த அந்தக் கால்களுக்கு ஆரம்பத்தில் செருப்பே கிடையாது. கொக்கிப்புழு ஏறியதும் அந்த வெறுங்காலின் வழியாகத்தான்.

பால்வெட்டுக்காரரின் நாளைக் கால்களின் பக்கமிருந்து பாருங்கள். விடிவதற்கு முன்பே பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடை, மறுபடி நடை. நூற்றுக்கணக்கான மரங்களை முடித்து, கொஞ்சம் பசியாறிவிட்டு, மங்கு மங்காகப் பாலை ஊற்றிச் சேர்க்கத் திரும்பவும் அதே சுற்று. கடைசியில் காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளமும் மேடுமாக ஸ்டோருக்கு நடை. வெட்டுப்பட்டை மரத்தின் அடிப்பக்கம் இறங்கிவிட்டால் ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தி எழ வேண்டும். பின்னாளில் காலில் கறுப்பு ரப்பரில் வார்த்த காலணி வந்தது. 'காம்போங் அடிடாஸ்' என்று நாடே செல்லமாகக் கேலி செய்யும் அதே காலணிதான்.

அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. முதுகையும் முழங்காலையும் அது தின்றுவிட்டதை லயத்து வீடுகளில் வளர்ந்த எவரும் சொல்வார்கள். ஆனாலும் அதில் குதிகாலுக்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மிதிப்பது மண்; ஒவ்வோர் அடியும் வேறு கோணத்தில் விழும். மற்றொன்று குந்துதல். பாதம் முழுவதும் தரையில் பதியக் குந்தும்போது கணுக்கால் நன்றாக மடங்கிக் கெண்டைத்தசை நீள்கிறது. 2003-இல் ரிடில் குழுவினர் குதிகால் வலி உள்ள 50 பேரையும் இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். கணுக்கால் மேல்நோக்கி மடங்காத விறைப்புத்தான் ஆபத்துக் காரணிகளில் முதலிடத்தில் வந்தது. உடல் பருமனும், வேலையில் நாள் முழுவதும் நிற்பதும் அடுத்து வந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வேறு பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் ஜெலாப்பாங்கிலும் குடியேறின. வேலையும் மாறியது. பேரங்காடியில் கல்லாவுக்குப் பின்னால், தொழிற்சாலையில் கையுறை வார்க்கும் இயந்திரத்துக்கு முன்னால், காச்சாங் பூத்தே வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் வாசலில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு மொசைக் தரையில் வெறுங்காலோடு சமையல். குந்த வேண்டிய அவசியம் கழிப்பறையில்கூட இல்லை. முன்னாள் தோட்டத்துக் குடும்பங்களில் குதிகால் வலி பெருகியதற்கு இந்த மாற்றத்திலும் பங்கு உண்டென்பது என் ஊகம். யாரும் அளந்து சொன்னதில்லை. என்றாலும், ரிடில் சொன்ன மூன்று காரணிகளும் ஒரே தலைமுறைக்குள் ஒரே வீட்டில் வந்து சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தார்கள். 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் அதில் முன்னால் நின்றவர்கள் இந்தியர்கள்.

உங்கள் கணுக்காலின் நிலையைச் சுவரே சொல்லிவிடும். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் கணுக்கால் விறைத்திருக்கிறது.

எல்லாக் குதிகால் வலியும் இந்தப் பட்டை வலிதான் என்று நினைத்துவிடவும் கூடாது. குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் நெரிக்கும்போது வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். திடீரென்று ஓட்டப்பயிற்சி தொடங்கியவர்களிடமும், எலும்பு மெலிந்த வயதான பெண்களிடமும் இதைச் சந்தேகிக்க வேண்டும். எரிச்சலும் மதமதப்பும் மின்சாரம் பாய்வது போன்ற சுரீரும் இருந்தால், கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு நெரிபடுகிறதா, அல்லது இடுப்பிலிருந்தே கோளாறா என்று பார்க்க வேண்டும். இருபது முப்பது வயதுக்காரருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, விடியற்காலையில் இடுப்பும் பிடித்துக்கொண்டு, நடமாடினால் இடுப்பு இளகுகிறது என்றால் அது முதுகுத்தண்டு வாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இதைத் தவறவிட்டால் ஆண்டுகள் வீணாகும். இரவில் படுத்திருக்கும்போதும் ஓயாத வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்.

பேராக் வாசகர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2006-இல் பாகான் பஞ்சோர் மீனவக் கிராமத்தில் சிக்குன்குனியா பரவியது. 2008-க்குப் பிறகு அது நாடு முழுவதும் சுற்றியது. அந்தக் காய்ச்சல் போன பின்னும் மூட்டுகளிலும் குதிகாலிலும் மாதக்கணக்கில் வலி தங்கும். "காய்ச்சல் வந்து போன பிறகுதான் இது" என்று நோயாளி சொன்னால் அதை அலட்சியப்படுத்தாமல் கேட்க வேண்டும்.

இனி வலியைத் தணிப்பது. நம்மவர்களின் கைவைத்தியத்தில் முதலில் வருவது செங்கல். அடுப்பில் சுட்ட செங்கல்லின் மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை அழுத்தி அழுத்தி எடுப்பது. சூடு தசையை இளக்கும், கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், உண்மைதான். கோடாலித் தைலத்தின் மென்தாலும் அப்படியே தற்காலிகமாக வலியுணர்வை மழுங்கச் செய்யும். தைலத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. செங்கல் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன்: நீரிழிவு உள்ளவர் காலருகே அது வரக்கூடாது. பல ஆண்டு நீரிழிவில் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கும். தோல் வேகும்வரை சூடு தெரியாது. எருக்கம்பாலும் தோலை அரிக்கக்கூடியது. குதிகால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் ஆறாத புண்ணோடு காலை இழக்கும் நிலைக்குப் போக வேண்டாம். மண்ணெண்ணெய் டின்னில் வெந்நீர் வைத்துக் காலை முக்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நிரூபணம் உள்ள எளிய வழி ஒன்று கட்டிலிலேயே இருக்கிறது. முன்பு சொன்னபடி கால்மேல் கால் போட்டு, விரல்களைப் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும், விட்டுவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும், 10 முறை. பட்டை விறைக்கிறதா என்று மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று வேளை. அதில் முதல் வேளை, காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன். 2003-இல் டிஜியோவானி குழுவினர் 101 நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, வழக்கமான கெண்டைக்கால் இழுப்புப் பயிற்சியைவிட இது நன்றாக வேலை செய்தது.

அடுத்தது டென்மார்க்கிலிருந்து வந்தது. ராத்லெஃப் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 48 பேரில் ஒரு பாதியினர் இழுப்புப் பயிற்சி செய்தார்கள். மறுபாதியினர் எடை தூக்கினார்கள். செய்முறை இதுதான். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களின் அடியில் வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை 3 விநாடியில் மெல்ல உயர்த்த வேண்டும். மேலே 2 விநாடி நிற்க வேண்டும். பிறகு 3 விநாடியில் இறக்க வேண்டும். துண்டு விரல்களை வளைத்து வைப்பதால் ஹிக்ஸ் சொன்ன அந்த இறுக்கம் முழுதாக ஏறுகிறது. 12 முறைக்கு மேல் முடியாத அளவில் தொடங்கி, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கால் பழகியதும் முதுகுப்பையில் புத்தகத்தையோ 5 கிலோ அரிசிப் பையையோ போட்டுக்கொண்டு சுமையைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் எடை தூக்கியவர்கள் தெளிவாக முந்தினார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமம். நைந்த நாருக்கு அளந்து சுமை கொடுத்தால் அது சீக்கிரம் தேறும் என்பதே இதன் செய்தி. முழு ஓய்வு கொடுத்து மூலையில் உட்கார வைத்தால் நார் இன்னும் பலவீனமாகும். பயிற்சியின்போது பொறுக்கக்கூடிய வலி இருக்கலாம். மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமானால் சுமை அதிகம் என்று அர்த்தம்.

காலணியில் அதிகம் செலவழிக்க வேண்டாம். பாதத்தை அச்செடுத்துச் செய்யும் விலை உயர்ந்த உள்ளட்டையும் கடையில் தயாராகக் கிடைக்கும் உள்ளட்டையும் ஓராண்டில் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்தப் பணத்தில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்ற தனிச் சிலிப்பர் ஒரு சோடி வாங்குங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி முகம் சுளிப்பார். சாமி அறை வாசலில் கழற்றிவிட்டால் போகிறது.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2012-இல் வந்த இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கு நான்கு வாரத்தில் வலி குறைந்திருந்தது. எட்டாவது வாரத்தில் அந்த லாபம் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் அடியில் மெத்தையாக இருக்கும் கொழுப்பு கரையவும் வாய்ப்புண்டு. கரைந்த கொழுப்புக்கு மாற்று இல்லை. நீரிழிவுக்காரருக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரையும் எகிறும். மகளின் கல்யாணம் அடுத்த வாரம், மண்டபத்தில் நின்றே ஆக வேண்டும் என்பவருக்கு ஒரு முறை போடலாம் என்பது என் எண்ணம். அதிர்வலைச் சிகிச்சை, சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த கருவியின் வழித்தோன்றல். பயிற்சியை மாதக்கணக்கில் உண்மையாகச் செய்தும் பலனில்லாதவர்களில் சிலருக்கு உதவுகிறது. கத்தி கடைசியிலும் கடைசி.

பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் வலி அடங்குகிறது. ஓராண்டு என்று கேட்டதும் முகம் வாடும். ஆனால் அடுத்த வாரமே சரியாகிவிடும் என்று யாராவது விற்கும் எதையும் நம்புவதைவிட இந்த நீண்ட கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் பயிற்சியை விட்டுவிட்டு மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போய்விடுவீர்கள்.

ஆறு வாரத்துக்கு மேல் குதிகால் வலிக்கிறது என்றால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போடும் காலணியை மறக்காமல் எடுத்துப் போங்கள். இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்; ஒரு சில நிமிட வேலைதான். அதுவரைக்கும் செங்கல் அடுப்படியிலேயே இருக்கட்டும்.